குண்டாந்தடியும் குழிப்பந்தும்: 'கோல்ஃப்' என்ற சொல் வந்த வழி

கோல்ஃப் ஆட்டத்தை ஒருமுறைகூடப் பார்த்திராதவர்களிடம் அந்தச் சொல்லின் பொருளைக் கேட்டாலும், பெரும்பாலும் ஒரு விடை தயாராக இருக்கிறது. 'ஜென்டில்மென் ஒன்லி, லேடீஸ் ஃபர்பிடன்' என்ற நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கோத்தால் கோல்ஃப் வரும் என்பார்கள். ஆண்களுக்கு மட்டும், பெண்களுக்கு இடமில்லை என்று பொருளும் சொல்வார்கள். பொது அறிவுத் துணுக்குகளிலும், காலை வணக்கத்தோடு வந்து சேரும் வாட்ஸ்அப் செய்திகளிலும், அலுவலகப் பயிற்சி வகுப்பில் தூக்கம் கலைக்கச் சொல்லும் தகவல்களிலும் இதை நான் பலமுறை எதிர்கொண்டிருக்கிறேன். கேட்பவருக்கு வியப்பும் சொல்பவருக்குச் சிறு பெருமிதமும் கிடைப்பதால், இது சரிதானா என்று யாரும் நின்று கேட்பதில்லை. இந்த விளக்கம் முற்றிலும் தவறானது.

உண்மையான வரலாறு ஸ்காட்லாந்தின் பழைய சட்டமொன்றில் தொடங்கி, வடகடலைக் கடந்து டச்சு மொழி பேசும் ஊர்களுக்குப் போகிறது. நடுவில் ஒரு முடிச்சு இன்னும் அவிழாமலும் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள மொழியியல் படித்திருக்க வேண்டியதில்லை. தெருவில் கிட்டிப்புள் ஆடிய நினைவு இருந்தால் போதும்.

விளையாட்டுகள் எப்படிப் பெயர் பெறுகின்றன

நம் தெரு விளையாட்டுகளின் பெயர்களைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். கிட்டிப்புள்ளில் கையில் பிடிக்கும் நீண்ட குச்சி கிட்டி, துள்ளிப் பறக்கும் சிறு கட்டை புள். இரண்டு கருவிகளின் பெயரும் சேர்ந்து விளையாட்டின் பெயராகிவிட்டது. கோலி என்பது கண்ணாடி உருண்டையின் பெயர். 'கோலி ஆடலாம் வா' என்று கூப்பிடும்போது அதுவே ஆட்டத்தின் பெயர். பல்லாங்குழி குழிகளால் பெயர் பெற்றது. சடுகுடு, மூச்சு விடாமல் பாடும் ஒலியால் பெயர் பெற்றது. இவற்றுள் எதற்கும் யாரோ கூடி உட்கார்ந்து ஒரு முழக்கத்தை எழுதி, அதன் முதலெழுத்துகளைப் பொறுக்கிப் பெயர் வைக்கவில்லை. ஆடுகிறவர்கள் கையில் பிடித்ததும், கண்ணில் பட்டதும், காதில் விழுந்ததும் தாமாகப் பெயராகிவிட்டன.

கோல்ஃப் ஆட்டத்தில் கண்ணில் படுபவை மூன்று: தடி, பந்து, குழி. தமிழில் அதற்குக் குழிப்பந்தாட்டம் என்று பெயரிட்டவர்கள் குழியையும் பந்தையும் எடுத்துக்கொண்டார்கள். ஸ்காட்லாந்து மக்களின் சொல் தடியைப் பிடித்துக்கொண்டது என்பதே பெரும்பாலான அறிஞர்கள் ஏற்கும் விளக்கம்.

இங்கே ஒரு கலைச்சொல்லை அறிமுகப்படுத்திவிடலாம். ஒரு சொல் முதன்முதலில் எந்த ஆவணத்தில், எந்த எழுத்துக்கூட்டலில், என்ன பொருளில் வந்தது, அதற்கு முன் எந்த மொழியிலிருந்து வந்திருக்கக்கூடும் என்று பின்னோக்கித் தேடும் துறைக்குச் சொற்பிறப்பியல் என்று பெயர். அது சொல்லின் பிறப்பை ஆராய்வது. பொருளின் பிறப்பை அன்று. தடியால் பந்தை அடிக்கும் ஆட்டங்கள் உலகில் பல இடங்களில் இருந்தன. சீனத்தில் சுய்வான் என்ற ஆட்டம் இருந்தது. அதற்கு விதிமுறை நூலே 13ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. ரோமானியர்கள் பகானிகா என்ற பந்தாட்டம் ஆடினார்கள். இவற்றுள் எது இன்றைய கோல்ஃபுக்கு மூதாதை என்பது ஒரு கேள்வி. கோல்ஃப் என்ற சொல் எங்கிருந்து வந்தது என்பது வேறொரு கேள்வி. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதாலேயே இது பற்றிய பேச்சு பெரும்பாலும் தடம் மாறிவிடுகிறது. இங்கே நாம் எடுத்துக்கொள்வது இரண்டாவது கேள்வியை மட்டும்.

தலைப்பெழுத்துக் கதை ஏன் நிற்காது

பல சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஒரே சொல்லாக உச்சரிப்பதைத் தலைப்பெழுத்துச் சொல் எனலாம். 1949இல் தொடங்கப்பட்ட திராவிட முன்னேற்றக் கழகத்தைத் திமுக என்று ஒரே மூச்சில் சொல்வது நமக்குப் பழகிய எடுத்துக்காட்டு. ஆங்கிலத்தில் ரேடார், லேசர் ஆகியவை அப்படிப் பிறந்தவை. இவை எல்லாமே 20ஆம் நூற்றாண்டுச் சொற்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ராணுவத் துறைகளும் அறிவியல் துறைகளும் நீண்ட பெயர்களைச் சுருக்க வேண்டிய தேவை வந்தபோதுதான் இந்த வழக்கம் பெருகியது. அதற்கு முன் அன்றாட வாழ்க்கைப் பொருள்களுக்கு ஆங்கிலத்தில் இவ்வாறு பெயரிடும் பழக்கம் ஏறத்தாழ இல்லை எனலாம். கோல்ஃபோ 15ஆம் நூற்றாண்டிலேயே எழுத்தில் இருக்கும் சொல்.

பழைய சொல் ஒன்றின் எழுத்துகளைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு விரிவைப் பின்னாளில் பொருத்துவது பலருக்குப் பிடித்த பொழுதுபோக்கு. நியூஸ் என்பது நார்த், ஈஸ்ட், வெஸ்ட், சவுத் என்ற நான்கு திசைகளின் முதலெழுத்து என்று பள்ளியில் படித்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அது 'புதிய' என்று பொருள்படும் நியூ என்ற சொல்லோடு ஒரு 'ஸ்' சேர்ந்து 'புதியவை' என்றான சொல், அவ்வளவுதான். உணவகத்தில் கொடுக்கும் டிப்ஸுக்கும் இப்படியொரு விரிவு சுற்றிக்கொண்டிருக்கிறது, அதுவும் பொய்தான்.

எழுத்துக்கூட்டலும் இந்தக் கதைக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. முதலெழுத்துகளால் ஆன சொல் என்றால் அந்த நான்கு எழுத்துகள் மாறாமல் இருந்திருக்க வேண்டும். ஆனால் பழைய ஸ்காட்லாந்து ஆவணங்களில் இது கோல்ஃப், கௌஃப், கோஃப், கௌல்ஃப் என்று எழுதுகிறவரின் கைக்கேற்ப மாறிக்கொண்டே வருகிறது. பல வடிவங்களில் 'ல்' என்ற ஒலிக்குரிய எழுத்தே கிடையாது. அந்தக் கதைப்படி பார்த்தால், விலக்கி வைக்கப்பட வேண்டிய 'லேடீஸ்' அங்கே பேச்சிலேயே இல்லை.

பெண்கள் உண்மையில் ஆடினார்களா என்று கேட்டால், ஆடினார்கள். ஸ்காட்லாந்து அரசி மேரியின் கணவர் டார்ன்லி 1567இல் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு அரசிக்கு எதிராக வைக்கப்பட்ட குற்றச்சாட்டுகளில், கணவர் இறந்த சில நாள்களிலேயே அவர் வெளிப்படையாக வயல்வெளியில் கோல்ஃப் ஆடினார் என்பதும் ஒன்று. கணவனை இழந்தவர் துக்கம் காக்கவில்லை என்பதே அங்கே குற்றம். பெண் ஒருத்தி கோல்ஃப் ஆடியதை எவரும் குற்றமாகச் சொல்லவில்லை. எடின்பரோவுக்கு அருகிலுள்ள மஸல்பரோ என்ற ஊரில், மீன் விற்கும் பெண்களுக்கென ஒரு கோல்ஃப் போட்டி 1811ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நடக்கும் என்று அறிவிக்கப்பட்டது. பரிசு ஒரு மீன்கூடையும் ஒரு சால்வையும். 1867இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் பெண்களுக்கென்றே ஒரு சங்கம் தொடங்கப்பட்டது.

இவ்வளவு இருந்தும் கதை சாகாமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. ஆண்களுக்கு மட்டுமான கோல்ஃப் மன்றங்கள் இருந்தது உண்மை. அமெரிக்காவின் அகஸ்டா நேஷனல் 2012இல்தான் பெண்களை உறுப்பினராகச் சேர்த்தது. செயின்ட் ஆண்ட்ரூஸின் ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் மன்றம் 2014இல் வாக்கெடுத்துக் கதவைத் திறந்தது. மியூர்ஃபீல்ட் மன்றம் 2016 வாக்கெடுப்பில் மறுத்து, 2017இல் மீண்டும் வாக்கெடுத்து ஒப்புக்கொண்டது. இந்த அநீதி கண்முன் இருந்ததால், அதைச் சொல்லின் பிறப்பிலேயே ஏற்றிவிடுவது எளிதாயிற்று. எனக்கு இந்தக் கதை பிடிக்காததற்கு இதுவும் ஒரு காரணம்: பெயரிலேயே தடை இருந்தது என்று சொல்லிவிட்டால், மனிதர்கள் கூடி விதி எழுதிப் போட்ட தடை ஏதோ விளையாட்டோடு கூடப் பிறந்த குணம் போல ஆகிவிடுகிறது. போட்டவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: கோல்ஃப் தலைப்பெழுத்துச் சொல் அன்று. சொல்லின் வயதும், மாறிவந்த எழுத்துக்கூட்டலும், ஆடிய பெண்களும் அந்தக் கதையை ஏற்க இடம் தரவில்லை.

அரசர் போட்ட தடையும் முதல் எழுத்துச் சான்றும்

நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்று, ஸ்காட்லாந்தின் இரண்டாம் ஜேம்ஸ் அரசர் காலத்தில் நாடாளுமன்றம் இயற்றிய ஒரு சட்டம். அதன் நாள் 1457 மார்ச் 6. அந்நாளில் அங்கே புத்தாண்டு மார்ச் 25இல் தொடங்கியதால், நம் நாள்காட்டிப்படி அது 1458 ஆகும். சில நூல்களில் ஒரு ஆண்டும் வேறு சிலவற்றில் மற்றோர் ஆண்டும் காணப்படுவதற்கு இதுவே காரணம், அச்சுப்பிழை அன்று.

அந்தச் சட்டம் கோல்ஃபைப் பற்றியதே அன்று என்பதுதான் வேடிக்கை. அது வில்வித்தையைப் பற்றியது. இங்கிலாந்தோடு எந்நேரமும் போர் மூளலாம் என்ற நிலையில், வீரர்களுக்கு வில் பயிற்சி வேண்டும். இளைஞர்களோ பந்தை உதைத்தும் அடித்தும் பொழுதைக் கழிக்கிறார்கள் என்று அரசு கவலைப்பட்டது. எனவே ஒவ்வொரு தேவாலய வட்டாரத்திலும் அம்பெய்யும் இலக்குகள் அமைக்க வேண்டும், ஞாயிறுதோறும் ஒவ்வொருவரும் குறைந்தது ஆறு அம்புகளாவது எய்ய வேண்டும், வராதவர் இரண்டு பென்ஸ் தண்டம் கட்ட வேண்டும், அந்தக் காசு வந்தவர்கள் குடிப்பதற்குக் கொடுக்கப்பட வேண்டும் என்று சட்டம் ஏற்பாடு செய்தது. இந்த ஏற்பாட்டின் நடுவே, கால்பந்தும் கோல்ஃபும் அடியோடு விலக்கப்பட வேண்டும் என்று போகிற போக்கில் ஒரு வரி வருகிறது. இன்று உலகமெங்கும் வழங்கும் ஒரு சொல்லின் முதல் பதிவு அந்த வரிதான்.

அதில் நமக்குத் தேவையான செய்தி ஒன்று ஒளிந்திருக்கிறது. சட்டம் எழுதியவர் கோல்ஃப் என்றால் என்ன என்று விளக்கவில்லை. விளக்க வேண்டிய அவசியம் இல்லாத அளவுக்கு அந்தச் சொல் அப்போதே மக்களுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே சொல்லின் உண்மையான வயது இந்தச் சட்டத்தின் வயதைவிடக் கூடுதல்.

தடை பலித்ததாகத் தெரியவில்லை. 1471இலும் 1491இலும் அதையே மீண்டும் விதிக்க வேண்டியிருந்தது. 1491இல் அரசராக இருந்தவர் நான்காம் ஜேம்ஸ். அவரே 1502இல் இங்கிலாந்தோடு அமைதி உடன்படிக்கை செய்துகொண்ட பிறகு, பெர்த் நகரத்து வில் செய்பவரிடம் தடிகள் வாங்கியதாக அரசுக் கருவூலக் கணக்கில் செலவு எழுதப்பட்டிருக்கிறது. வில்லுக்காகத் தடைசெய்த ஆட்டத்துக்கு வில் செய்பவரே தடி செய்து கொடுத்திருக்கிறார்.

'ல்' எங்கே போயிற்று

1457ஆம் ஆண்டுச் சட்டத்தில் 'ல்' இருக்கிறது. 1491ஆம் ஆண்டுச் சட்டத்தில் கௌஃப் என்ற வடிவம் வருகிறது, 'ல்' இல்லை. இரண்டும் வேறு வேறு ஆட்டங்களா என்று ஐயப்பட வேண்டியதில்லை.

எழுத்தில் 'வந்தால்' என்று எழுதிவிட்டுப் பேசும்போது 'வந்தா' என்கிறோம். ஆங்கிலத்தில் வாக்கிங் என்று நாம் சொல்லும் சொல்லின் எழுத்துக்கூட்டலில் 'ல்' இருக்கிறது, யாரும் 'வால்க்கிங்' போவதில்லை. ஹாஃப் டிக்கெட்டிலும் அப்படியே. 'ல்' ஒலி முன்னுள்ள உயிரொலியோடு கரைந்துபோவது பல மொழிகளில் காணப்படுகிற இயல்பான மாற்றம். ஸ்காட்லாந்து மக்களின் மொழியான ஸ்காட்ஸில் இது பரவலாக நடந்தது: பொன்னைக் குறிக்கும் கோல்ட் அங்கே கௌட் ஆயிற்று, மக்களைக் குறிக்கும், எழுத்தில் 'ல்' உள்ள ஃபோக் என்ற சொல் ஃபௌக் ஆயிற்று, பந்தைக் குறிக்கும் பால் என்ற சொல் 'பா' ஆயிற்று. 1491 சட்டத்தில் கௌஃபுக்குப் பக்கத்திலேயே கால்பந்தைக் குறிக்கும் சொல்லும் 'ல்' இழந்த வடிவத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஒரே வரியில் இரண்டு சொற்கள் ஒரே வகையில் தேய்ந்திருப்பதைப் பார்க்கும்போது, இது எழுத்தரின் கைத்தவறு அன்று, அக்காலத்துப் பேச்சு என்பது தெளிவாகிறது.

எனவே 'ல்' உள்ள வடிவமே மூத்தது. ஆராய்ச்சியாளர்கள் பிற மொழிகளில் தேடும்போது 'ல்' உள்ள சொல்லைத் தேடுவது அதனால்தான்.

வடகடலுக்கு அப்பால் ஒரு குண்டாந்தடி

அப்படித் தேடும்போது கிடைப்பது டச்சு மொழியின் 'கொல்ஃப்'. வேறுபாடு தெரிவதற்காக அதை மட்டும் இங்கே குறிலோடு எழுதுகிறேன். அதன் பழைய வடிவம் 'கொல்வ'. பொருள், ஒரு முனை பருத்த தடி; நம் வழக்கில் சொன்னால் குண்டாந்தடி.

ஒரு முனை பருத்தது என்ற இந்தக் கருத்தை நெருங்கிப் பார்த்தால் சொல்லின் குடும்பமே விளங்கிவிடும். ஹாலந்தில் இன்று மக்காச்சோளக் கதிருக்கு 'மாயிஸ்கொல்ஃப்' என்று பெயர். அங்கே துப்பாக்கியைத் தோளில் தாங்கும் பருத்த கட்டைப் பகுதியும் கொல்ஃப், ஆய்வுக்கூடத்தில் கழுத்து நீண்டு அடி உருண்டிருக்கும் கண்ணாடிக் குடுவையும் கொல்ஃப். ஜெர்மன் மொழியில் இதன் உடன்பிறப்பு 'கோல்பன்'. மக்காச்சோளக் கதிருக்கு மட்டுமின்றி, மோட்டார் எஞ்சினுக்குள் ஏறி இறங்கும் பிஸ்டனுக்கும் அதுவே பெயர். ஐஸ்லாந்து மொழியில் மணிக்குள் தொங்கும் நாக்குக்கு 'கோல்வுர்' என்கிறார்கள். கதிர், குடுவை, பிஸ்டன், மணியின் நாக்கு எல்லாவற்றிலும் காம்பு போல ஒரு தண்டும் அதன் முனையில் ஒரு பருமனும் இருப்பதைக் கவனிக்கலாம். கோல்ஃப் ஆடும் தடியின் வடிவமும் அதுவே.

பெயர் மட்டுமன்று, ஆட்டமும் அங்கே இருந்தது. 1360இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் கொல்வத் தடிகொண்டு பந்தாடுவோருக்குத் தண்டம் விதிக்கப்பட்டது. இருபது ஷில்லிங் கட்ட வேண்டும், இல்லையேல் மேலாடையைப் பறிகொடுக்க வேண்டும். 1387இல் பிரீலே என்ற டச்சு நகருக்கு வழங்கப்பட்ட சாசனத்தில், நகர மதிலுக்கு வெளியே கொல்வத் தடியால் பந்தை அடிப்பது பற்றிய குறிப்பு வருகிறது. பிற்காலத்தில் 17ஆம் நூற்றாண்டு ஓவியர் ஹென்ட்ரிக் ஆவர்காம்ப் தீட்டிய குளிர்காலக் காட்சிகளில், உறைந்த நீர்ப்பரப்பின் மேல் மக்கள் தடியோடு நின்று பந்தை அடிக்கக் காத்திருப்பதைக் காணலாம்.

ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழி எடுத்துக்கொள்ளும் சொல்லைக் கடன்சொல் என்பார்கள். கடன் கொடுக்கவும் வாங்கவும் இரண்டு மக்களுக்கும் இடையே புழக்கம் இருக்க வேண்டும். ஸ்காட்லாந்து வணிகர்களுக்கும் வடகடலின் எதிர்க்கரை ஊர்களுக்கும் அந்தப் புழக்கம் தாராளமாக இருந்தது. ஆட்டுமயிரும் தோலும் ஏற்றிச் சென்ற கப்பல்கள் துணியும் கைவினைப் பொருள்களும் ஏற்றித் திரும்பின. 1486ஆம் ஆண்டுச் சுங்கக் கணக்கு ஒன்று, இந்த ஆட்டத்துக்குரிய பந்துகள் ஸ்காட்லாந்துக்கு ஏற்றுமதியானதைக் காட்டுகிறது. 1618இல் ஆறாம் ஜேம்ஸ் அரசர், பந்து வாங்குவதற்காகவே ஆண்டுதோறும் ஏராளமான பொன்னும் வெள்ளியும் நாட்டை விட்டுப் போகிறது என்று காரணம் காட்டி, உள்நாட்டிலேயே பந்து செய்யும் தனியுரிமையை ஒருவருக்கு வழங்கினார். பந்து வந்த கப்பலில் சொல்லும் வந்திருக்கலாம் என்று நினைப்பதில் வியப்பில்லை.

சுருக்கமாக: 'ல்' உள்ள மூத்த வடிவத்தோடு ஒலியிலும் பொருளிலும் நெருங்கி நிற்பது டச்சுச் சொல்தான், அது வந்து சேரக் கப்பல் வழியும் இருந்தது.

அவிழாத முடிச்சு

இவ்வளவு பொருத்தம் இருந்தும் நல்ல அகராதிகள் 'டச்சுச் சொல்லிலிருந்து வந்திருக்கலாம்' என்றுதான் எழுதுகின்றன. அந்த 'இருக்கலாம்' வெறும் எச்சரிக்கைப் பேச்சு அன்று. அதற்குக் காரணம் முதல் எழுத்து.

தமிழ் வாசகருக்கு இதைக் கண்ணால் காட்ட முடியாது, காதால்தான் காட்ட வேண்டும். நம் எழுத்தில் 'கல்' என்பதிலும் 'தங்கம்' என்பதிலும் ஒரே 'க' வருகிறது, ஒலி வேறு. தொண்டையில் இரண்டு விரல்களை வைத்துக்கொண்டு 'கல்' என்ற சொல்லின் முதல் ஒலியைச் சொல்லிப் பாருங்கள், அந்த ஒலி பிறக்கும் நொடியில் விரல்களில் அதிர்வு இராது. 'தங்கம்' என்பதன் நடுவில் அதிர்வு தொடர்ந்து இருக்கும். அதிர்வில்லாதது ஒலிப்பிலா ஒலி, அதிர்வுள்ளது ஒலிப்புடை ஒலி. டச்சுக் கொல்ஃபின் முதல் ஒலி 'கல்' வகை. ஸ்காட்லாந்துக் கோல்ஃபின் முதல் ஒலி 'தங்கம்' வகை. தமிழ் எழுத்தில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் இரட்டையர் போலத் தோன்றும் இவ்விரு சொற்களுக்கும் ரோமன் எழுத்தில் தொடக்கமே வேறு.

சிக்கல் என்னவென்றால், ஸ்காட்ஸ் மொழியில் 'கல்' வகை ஒலியில் தொடங்கும் சொற்களுக்குப் பஞ்சமில்லை. அப்படியே சொல்லக்கூடிய ஒலியை ஏன் மாற்றினார்கள்? மாற்றுவதற்கு முந்தைய வடிவம் ஒன்றாவது ஏதேனும் ஸ்காட்லாந்து ஆவணத்தில் அகப்பட்டிருக்க வேண்டும், அகப்படவில்லை. கிடைத்த வடிவங்கள் அனைத்தும் ஒலிப்புடை ஒலியிலேயே தொடங்குகின்றன. டச்சு மொழியில் 'கல்' வகை ஒலியை மூச்சை ஊதாமல் சொல்வார்கள். மூச்சு ஊதிச் சொல்லிப் பழகிய காதுக்கு அது ஒலிப்புடை ஒலி போலக் கேட்கக்கூடும். இதை விளக்கமாகச் சொல்லலாமே தவிரச் சான்றாகக் கொள்ள இயலாது.

பழைய டச்சுக் குறிப்புகளில் கொல்வ என்பது பெரும்பாலும் தடியையே குறிக்கிறது என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. 'கொல்வ கொண்டு பந்தை அடிப்பது' என்றே எழுதுகிறார்கள். ஸ்காட்லாந்திலோ கிடைக்கும் முதல் குறிப்பிலேயே அது ஆட்டத்தின் பெயராக நிற்கிறது. ஸ்காட்ஸில் 'கௌஃப்' என்பதற்கு அடி, அறை என்ற பொருளும் உண்டு. 'அடித்தல்' என்ற அந்த உள்நாட்டுச் சொல்லிலிருந்தே ஆட்டம் பெயர் பெற்றதா, ஆட்டத்திலிருந்து அந்தப் பொருள் கிளைத்ததா என்று இரு பக்கமும் வாதிடுகிறார்கள். அந்தப் பொருளுக்குக் கிடைக்கும் சான்றுகள் பிற்காலத்தவை என்பதால், இரண்டாவது வழியே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

ஒருகாலத்தில் டச்சு விளக்கத்துக்கு எதிராக, ஸ்காட்லாந்துக் குறிப்புதான் காலத்தால் முந்தியது என்ற வாதமும் இருந்தது. 1360, 1387 ஆகிய ஆண்டுக் குறிப்புகளுக்கு முன் அந்த வாதம் நிற்கவில்லை. முதல் ஒலி குறித்த ஐயம் மட்டும் இன்னும் நிற்கிறது.

தடியைக் கொண்டே பெயரிட்டார்கள் என்பதற்குப் பக்கச் சான்று ஒன்றையும் சொல்ல வேண்டும். 1636இல் அபர்டீன் நகரப் பள்ளி ஆசிரியர் டேவிட் வெடர்பர்ன், மாணவர்கள் லத்தீன் கற்பதற்காக ஒரு சொற்பட்டியல் வெளியிட்டார். அதில் கோல்ஃப் பந்துக்கு அவர் தந்த லத்தீன் 'பிலா கிளாவாரியா'. பிலா என்றால் பந்து. கிளாவா என்றால் பருத்த தடி. தடிப்பந்து என்றே அவர் பெயர்த்திருக்கிறார். இது சொல்லின் மூலத்தை மெய்ப்பிக்காது. ஆனால் அந்த ஊர்க்காரர் ஒருவர் மனத்தில் அந்த ஆட்டம் என்றதும் முதலில் எது நின்றது என்பதைக் காட்டுகிறது.

தமிழ்க் 'கோல்' இங்கே வருமா?

இதைப் படிக்கும்போது ஒருவருக்கு ஒரு பொறி தட்டியிருக்கலாம்: தமிழில் கோல் என்றாலே தடிதானே? செங்கோல், ஊன்றுகோல், எழுதுகோல் என்று நீளும் சொல்லாயிற்றே, அதுவே கோல்ஃபின் மூலமாக இருக்கக்கூடாதா? இந்த ஆசை இயல்பானது, அதனால்தான் இதைச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

நாம் மேலே பயன்படுத்திய அளவுகோல்களையே இங்கேயும் வைப்போம். முதலாவது வழி. 1457இல் ஸ்காட்லாந்துக்கும் தமிழ் பேசும் ஊர்களுக்கும் நேரடிப் புழக்கம் கிடையாது. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்து சேர்ந்ததே 1498இல். இரண்டாவது ஒலி. கோல்ஃபின் கடைசியிலுள்ள 'ஃப்' ஒலி ஏதோ ஒட்டிய வால் அன்று. கொல்ஃப், கொல்வ, கோல்பன், கோல்வுர் என்று அந்தக் குடும்பம் முழுவதிலும் அந்த இடத்தில் உதட்டொலி ஒன்று இருக்கிறது. தமிழ்க் கோலில் அது இல்லை. 'ல்' தேய்ந்து கௌஃப் ஆனபோதும் 'ஃப்' தேயவில்லை என்பதையும் நினைத்துக்கொள்ளலாம். பொருள் ஒத்து ஒலியும் ஒத்திருப்பது தற்செயலாகவும் நேரும். பாரசீகத்தில் 'பத்' என்றால் கெட்ட என்று பொருள், ஆங்கிலத்தில் 'பேட்' என்றாலும் கெட்ட என்றே பொருள். இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை என்பது சொற்பிறப்பியல் மாணவர்களுக்கு முதல் வகுப்பிலேயே சொல்லப்படும் எடுத்துக்காட்டு.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள் உண்மையிலேயே இருக்கின்றன. கட்டுமரம் கேட்டமரான் ஆயிற்று, சுருட்டு செரூட் ஆயிற்று. அவற்றுக்குச் சோழமண்டலக் கரையில் இறங்கிய ஐரோப்பிய வணிகர்களும் மாலுமிகளும் எழுதிவைத்த சான்றுகள் இருக்கின்றன. கோல்ஃபுக்கு அப்படி ஒன்றும் இல்லை. உள்ளதை வைத்துப் பெருமைப்பட வழியிருக்கும்போது இல்லாததை ஒட்டவைக்க வேண்டிய தேவை நமக்கு இல்லை என்பது என் கருத்து.

திரும்பிப் போன சொல்

கடன் கொடுத்ததாகச் சொல்லப்படும் டச்சு மக்கள் இன்று என்ன சொல்கிறார்கள் என்று கேட்டால் கதை இன்னொரு சுற்று வருகிறது. 1700ஐ ஒட்டி அவர்களுடைய பழைய வெளிப்புற ஆட்டம் வழக்கொழிந்து, கூரைக்குக் கீழே சிறு தளத்தில் ஆடும் வேறொரு ஆட்டமாகச் சுருங்கியது. அதன் பெயர் கொல்ஃப். வடக்கு ஹாலந்துப் பகுதியில் இன்றும் சிலர் அதை ஆடுகிறார்கள். பச்சைப் புல்வெளியில் ஆடும் ஸ்காட்லாந்து ஆட்டம் பின்னாளில் ஆங்கிலம் வழியாக அவர்களிடம் வந்தபோது, அதைத் தங்கள் பழைய தடியின் பெயரால் அவர்கள் அழைக்கவில்லை. ஆங்கிலேயர் சொன்னபடி கோல்ஃப் என்றே எடுத்துக்கொண்டார்கள். அந்த எழுத்துக்கூட்டலில் டச்சு மொழியில் ஏற்கெனவே ஒரு சொல் இருந்தது. அதற்குப் பொருள் கடலலை. அதனால் ஹாலந்துக்காரர் பலர் அலையைச் சொல்லும்போது தொண்டையில் காற்று உரசும் தங்கள் நாட்டு ஒலியில் தொடங்குகிறார்கள். ஆட்டத்தைச் சொல்லும்போது 'தங்கம்' என்பதில் வரும் 'க' ஒலியில் தொடங்குகிறார்கள்.